வியர்த்த பெட்டி

1. சாந்தோம் குப்பத்து ஆரோக்கியம், இறந்துபோன தன் தகப்பனாரின் கட்டுமரத்திலிருந்து அறுத்த ஒரு துண்டை நம் பட்டறைக்குக் கொண்டுவந்தார். தகப்பனாரின் செபமாலையை வைக்க அதில் ஒரு பெட்டி வேண்டும் என்றார்.

2. பெட்டியைச் செய்தோம். இடம் போதுகிறதா என்று பார்க்கச் செபமாலையை உள்ளே வைத்து மூடினோம்.

3. பெட்டிக்கு வியர்த்தது. மூடி திறக்க மறுத்தது.

4. பார்வைக்கு அதே போல இன்னொரு பெட்டியைத் தேக்கில் செய்யும்படி முதலாளி சொன்னார்.

5. தேக்குப் பெட்டி முடிந்து, பழைய பெட்டி இன்னும் திறக்கப்படாமல் இருந்தபோது, சொன்ன நாளுக்கு முன்பே ஆரோக்கியம் வந்து நின்றார்.

அடுத்த மாதம் முதல் இந்த வரைமேசை உங்கள் இருவருடையது. எனக்குப் பெண்கள் பள்ளி ஒன்றில் சித்திர ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. வழக்கமாக ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. இருந்தாலும் போகிறவள் எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டார். அளவெடுப்பது, குறுக்குவெட்டு வரைவது, மரம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுவது எல்லாம் நீங்கள் படித்து வந்தவை. அவற்றைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. கேட்டு வாங்க வந்தவர் எதிரில் நிற்கும்போது என்ன சொல்வது என்பதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மேலே வரிசை போட்டது சில வருடங்களுக்கு முன் நடந்தது.

அப்போது தியாகராய நகரில் தெருத் தெருவாகப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நம் பட்டறைக்குக் கதவும் ஜன்னலும் செய்தே நேரம் போதவில்லை. மயிலாப்பூர் வக்கீல் வீடுகளுக்கு அலமாரி, நாற்காலி. இதற்கு நடுவில்தான் ஆரோக்கியம் வந்தார். குளத்தங்கரைப் பக்கம் மீன் விற்கிற பெண்மணி. கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு, பழைய புடவைத் துணியில் சுற்றிய மரத்துண்டை மட்டும் உள்ளே எடுத்து வந்தார்.

மேஸ்திரி அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"படக்காரம்மா, இது மரமில்ல. கருவாடு."

ஆரோக்கியம்தான் முதலில் சிரித்தார்.

எனக்கு அந்தத் துண்டின் மேல் ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஆசை அல்ல, என்ன இது என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு. அந்த அளவுத் தேக்கு எவ்வளவு கனக்கும் என்று என் கைக்குத் தெரியும். இது அதில் பாதிகூட இல்லை. பக்கவாட்டில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வழவழவென்று ஓடியது. எந்த உளியும் அப்படி வெட்டாது. கயிறு போட்ட பள்ளம் என்று ஆரோக்கியம் சொன்னார். கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடுவார்கள். மறுநாள் திரும்பக் கட்டுவார்கள். அப்படிக் கட்டிக் கட்டி அந்த இடம் தேய்ந்திருக்கிறது.

எதற்காகப் பெட்டி என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். அளவுக்கு முன்னால் கேளுங்கள்.

அவருடைய தகப்பனார் காய்ச்சலில் படுத்து இறந்திருந்தார். பிள்ளைகள் மூன்று பேர். சவரி என்ற அண்ணன், ஒரு தம்பி, நடுவில் ஆரோக்கியம். கட்டுமரத்தை அவிழ்த்து ஆண்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று ஆரோக்கியம் கேட்டிருக்கிறார். பெண்கள் ஏறவே ஏறாத மரத்தில் பெண்ணுக்கு என்ன பங்கு என்று சவரி கேட்டார். கடலுக்குப் போனது நீங்கள், அந்த மரம் கொண்டுவந்த மீனையெல்லாம் தலையில் சுமந்து விற்றது நான் என்று இவர் சொன்னார். பேச்சு வளர்ந்து, கடைசியில் சவரி நடுமரத்தில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு. அதை ஆரோக்கியம் இப்படிச் சொன்னார்:

"வருசப் பூசைக்கு சொந்தக்காரங்க அல்லாரும் வருவாங்க. அன்னிக்கு அத அவங்க முன்னாடி வெக்கணும். வெக்கலன்னா, நைனா மரத்த வித்துட்டியான்னு அத்தனி பேரு முன்னாடியும் கேப்பான். கேக்கறவன்தான் அவன்."

ஆக, நாம் செய்ய வேண்டியிருந்தது பெட்டி மட்டும் அல்ல. நானும் ஒரு பிள்ளைதான் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தத் துண்டு. அதை நம்பி நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே செபமாலையையும்.

கயிற்றுப் பள்ளம் மூடியின் மேல் குறுக்காக வரும்படி வரைந்தேன். அதை இழைத்துவிடக் கூடாது என்று எழுதியும் வைத்தேன். மேஸ்திரி அதைக் காப்பாற்றினார். மற்ற எல்லாவற்றையும் அவர் தன் வழக்கப்படி செய்தார். அவர் வழக்கம் உங்களுக்கே தெரியும். அவர் செய்யும் பெட்டி மூடியை மேலே வைத்துக் கையை எடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் காற்று மெல்ல வெளியேற, மூடி தானாக இறங்கி உட்காரும். மயிலாப்பூர் மாமிகள் அதைப் பார்க்கவே பட்டறைக்கு வருவார்கள். கடலில் ஊறிய மரத்துக்கும் அவர் அப்படியே ஒரு மூடி போட்டார். வஜ்ஜிரப் பசை வைத்து ஒட்டினார். மேலே அரக்கு பாலிஷ் நான்கு கை. கருவாடு என்று சொன்ன மரம் கண்ணாடி போல மின்னியது. அவருக்கு அதில் தனி சந்தோஷம். செபமாலையை உள்ளே வைத்து, மூடி இறங்குவதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் பெட்டியின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றது. யாரோ குடிதண்ணீரைக் கொட்டிவிட்டதாக நினைத்து மேஸ்திரி ஆள் ஆளாக விசாரித்தார். துடைத்து வைத்தார். மதியம் மறுபடி நின்றது. பாலிஷ் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது.

நான் வரைதாளின் ஓரத்தில் காரணங்களை எழுதினேன். கூரை ஒழுகலாம். பாலிஷ் காயாமல் இருக்கலாம். மரம் பதப்படாமல் இருக்கலாம். மீதி இருந்த துண்டு ஒன்றையும் அதே அளவில் ஒரு தேக்குத் துண்டையும் ஜன்னல் திட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தேக்கு உலர்ந்தே இருந்தது. பாலிஷே போடாத மற்றத் துண்டு நனைந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பட்டறைச் சாமான்களை நக்கிப் பார்க்கிற படக்காரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் தெரிந்துவிட்டது. மரத்துக்குள் இருக்கும் உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கிறது. பாலிஷ் போட்டதால் உள்ளே போன ஈரம் வெளியே வர முடியவில்லை. மரம் ஊதுகிறது. காரணம் தெரிந்த சந்தோஷத்தில் நான் மூடியைத் திறக்கப் போனேன். அது வரவில்லை. மேஸ்திரி வந்தார். அவருக்கும் வரவில்லை. காகிதம் நுழையாத பொருத்தம் என்று பெயர் வாங்கின கை அது. உளி நுழைக்கவும் இடம் இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட யோசனைகளைக் கெட்டவர்கள் சொன்னால் நமக்கு எளிது.

"இதோ பாரு, அவளுக்கு வேண்டியது ஒரு பெட்டி. இது நாலு மழைக்குத் தாங்காது. தேக்குல பண்ணிக் குடுத்தா அவ பேரன் காலத்துக்கும் இருக்கும். இதை அறுத்து மாலையை எடுத்து அதுல வெச்சுடுங்கோ. நல்லது பண்றதுக்குப் போய் நாலு பேர்ட்ட கேட்டுண்டா இருப்பா?"

மேஸ்திரி தேக்குப் பெட்டி செய்தார். கயிற்றுப் பள்ளத்தை அரத்தால் ராவி, எண்ணெயும் மண்ணும் தேய்த்துப் பழசாக்கினார். வெளுப்பதற்கு முன் பழைய பெட்டி இருந்தபடியே இருந்தது. தள்ளி நின்று பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கையில் எடுத்தால் தெரிந்தது. தேக்கு கனத்தது. சவரி அந்த நடுமரத்தைத் தோளில் தூக்கிப் பழகியவர் என்பது எனக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது. முதலாளியிடம் சொன்னேன். யாரும் அதையெல்லாம் எடை போட்டுப் பார்க்க மாட்டார்கள் என்றார்.  மேஸ்திரி பழைய பெட்டியை அறுக்க ரம்பத்தை எடுக்கவில்லை. நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று வேறு வேலை செய்துகொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ஆரோக்கியம் வந்தார். பூசை ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்களாம். பெட்டி வீட்டில் இருந்தால் தேவலை என்று நினைத்தாராம். யாரும் வாயைத் திறப்பதற்குள் மேசை மேல் இருந்த தேக்குப் பெட்டியை எடுத்துவிட்டார். பழைய பெட்டி என் பக்கத்தில், துணிக்கு அடியில் இருந்தது.

அவர் பள்ளத்தில் விரலை ஓட்டினார். அழகாகக் கீது என்றார். முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினார். விட்டுவிடு என்று அர்த்தம். மேஸ்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஆரோக்கியம் மூடியைத் திறந்தார். அது வெண்ணெய் போலத் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"மால எங்க?"

மாலை பத்திரமாக இருக்கிறது, பூசைக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்று முதலாளி ஆரம்பித்தார். பொய் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் நாம் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. உண்மையில் ஒரு பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

எனக்குப் பேச்சு சுலபமாக வராது. வரிசை போட்டால் வரும். மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டு சொன்னேன்.

"மூணு விஷயம் சொல்லணும். ஒண்ணு, உங்க கையில இருக்கறது உங்க மரம் இல்ல, தேக்கு. ரெண்டு, உங்க மரத்துல செஞ்ச பெட்டி இதோ இருக்கு. ஈரத்துல ஊதிப்போய் மூடி பிடிச்சுக்கிச்சு. மூணு, மாலை அதுக்குள்ள இருக்கு."

துணியை எடுத்தேன். வெளுத்துப் போய், ஓரங்களில் பாலிஷ் உரிந்து, அந்தப் பெட்டி பார்க்கச் சகிக்கவில்லை. ஆரோக்கியம் தேக்குப் பெட்டியைக் கீழே வைத்தார். மற்றதை எடுத்தார். திறந்து பார்த்தார், முடியவில்லை. காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே மணிகள் கடகடவென்றன.

நான் அழுகையை எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் வசவை.

"நைனா மாறியே கீது," என்றார். "எத்தினி கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டாரு."

பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினார். "ஏன் மேஸ்திரி, வெத்து ஒடம்போட கடல்ல கெடந்தவருக்கு கோட்டு மாட்டி பித்தான் போட்டுட்டியா?"

மேஸ்திரி முதல் தடவையாக முகத்தைத் திருப்பி, ஆமாம் தாயி என்றார். அவர் யாரிடமும் அப்படி ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சிரிப்பு அதோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வருகிறதே, என்ன செய்வது என்று ஆரோக்கியம் என்னைக் கேட்டார். இரண்டு வழி இருக்கிறது என்று சொன்னேன். ரம்பத்தால் அறுத்தால் நிச்சயம் திறக்கும், ஆனால் கயிற்றுப் பள்ளம் இருக்கும் மூடி இரண்டாகும். இன்னொன்று, ஈரத்தை உறிஞ்சவைத்துத் தானாகச் சுருங்கவிடுவது. அது பூசைக்குள் நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. மரம் வெடித்தாலும் வெடிக்கும். நான் இதற்கு முன் செய்து பார்த்ததில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

அவர் வெகுநேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அறுக்காத கண்ணு. தொறக்கலன்னா மூடினபடியே வெக்கறேன். குலுக்கிக் காட்டறேன். மரம் அவன் குடுத்த மரமா இருந்தா போதும்."

அவர் போனபின் முதலாளி என்னிடம் பேசவில்லை. ஆனால் தியாகராய நகரில் நாம் கதவு போட்டுக்கொண்டிருந்த வீட்டிலிருந்து, தண்ணீர் படாத கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு சட்டி வாங்கி வரச் சொல்லி அவரே ஆள் அனுப்பினார். அந்தச் சுண்ணாம்பு ஈரத்தைக் கண்டால் விடாது, உறிஞ்சிக்கொள்ளும். பெரிய பிஸ்கோத்துத் தகர டின்னில் அடியில் சுண்ணாம்பு, நடுவில் படாமல் ஒரு கம்பித் தட்டு, மேலே பெட்டி. பாலிஷை முதலில் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுத்தோம். மேஸ்திரி தானே சுரண்டினார். நான்கு கை பாலிஷ் போட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டின்னை மூடித் துணியால் கட்டி வைத்தோம். அடிக்கடி திறந்தால் ஈரம் புகும் என்பதால், யாரும் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். எழுதி ஒட்டிவிட்டு, திறந்து பார்க்க வேண்டும் என்று அதிகம் தவித்தவளும் நான்தான்.

காத்திருந்த நேரத்தில் வேறொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நம்மிடம் வந்து ஊதி வெடிக்கிற இந்த மரம், கடலில் அத்தனை வருடம் எப்படிச் சும்மா இருந்தது? ஒரு மாலை சாந்தோம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். அவிழ்த்த மரங்கள் மணலில் தனித்தனியாகக் கிடந்தன. கட்டி வைத்திருந்த ஒன்றைக் கையால் அசைத்தேன். மரங்களுக்கு நடுவில் இடைவெளி இருந்தது. கயிறு இறுகியிருந்தாலும் ஒவ்வொன்றும் கொஞ்சம் நகர்ந்தது. ஊதுவதற்கும் சுருங்குவதற்கும் அங்கே இடம் விட்டிருந்தார்கள். நாங்கள் இடமே விடவில்லை. திரும்பி வந்து வரைபடத்தை மாற்றினேன். மூடி தளர்வாக உட்கார வேண்டும். கீல் வேண்டாம், ஆணி வேண்டாம், பாலிஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் துளை. மூடியின் மேல் இருக்கும் பள்ளத்தின் வழியாகவே ஒரு தேங்காய் நார்க் கயிறு ஓடிக் கட்ட வேண்டும்.

மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்தார். தளர்ந்த மூடியை என் கையால் செய்யச் சொல்கிறாயே, வெளியே சொல்லிவிடாதே என்றார்.

சனிக்கிழமை காலை டின்னைத் திறந்தோம். மூடி வந்தது. வரும்போது ஒரு மூலையில் சின்னதாக ஒரு சத்தம். விரல் நீளத்துக்கு விரிசல். அதை அடைக்கட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். அடைப்பதற்கு நம்மிடம் இருந்ததெல்லாம் முதலில் தவறிப்போன அதே அரக்கும் வஜ்ஜிரமும்தான். வேண்டாம் என்றேன். அவர் மூடியின் ஓரங்களை இழைத்துக் காற்று போக இடம் விட்டார். துளைகளைப் போட்டார்.

ஆரோக்கியம் வந்ததும் விரிசலை முதலில் காட்டினேன். பிறகு மற்றவற்றை. மாலையை எடுத்து முத்தமிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். மேஸ்திரி கயிற்றை எடுத்துக் கோக்கப் போனார். ஆரோக்கியம் அவர் கையைத் தடுத்தார்.

மரத்தைக் கட்டும் முடிச்சு தனக்குத் தெரியாது, தெரிந்தாலும் பெண்கள் கட்டுவதில்லை, நீங்களும் கட்ட வேண்டாம் என்றார். கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். அப்படியானால் யார் கட்டுவது என்று நான் கேட்டேன்.

"கட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன் கீறானே. வேணும்னா அவனே கட்டட்டும்."

பூசை அன்று நான் அங்கே இல்லை. அடுத்த வாரம் குளத்தங்கரையில் மீன் விலை பேசிக்கொண்டே ஆரோக்கியம் சொன்னது இது. சொந்தக்காரர்கள் முன்னால் பெட்டியைத் திறந்தபடி வைத்தார். கயிற்றைப் பக்கத்தில் வைத்தார். சவரி வந்து பெட்டியைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார். மோந்து பார்த்தார். விரிசலை விரலால் தடவினார். சபையில் அவர் எதையும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து கயிற்றைக் கோத்தார். கட்டி முடித்துவிட்டு, மூடி என்ன இவ்வளவு ஆட்டம் ஆடுகிறது, யார் செய்தது என்றாராம்.

"இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன். சென்னைக்காரி நான், மீன் வாங்கும்போது எனக்கும் அந்தப் பேச்சு வந்துவிடும்.

"தெரிஞ்சவங்கதான் செஞ்சாங்கன்னேன். வஞ்சிரம் வேணுமா, வேணாமா?"

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது உப்பு மரத்துக்கு அரக்கு பாலிஷ் ஆகாது என்பதும்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது ஒரு மழைக்காலத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். கெட்டுப்போன வேலையை யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது என்பது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. நான் அன்று சொல்லாமல் இருந்திருந்தால் ஆரோக்கியம் நல்ல தேக்குப் பெட்டியோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். சவரியின் உள்ளங்கையில் அது உட்காரும் வரைக்கும்.

இப்போதைய நிலவரம் இதுதான். பெட்டி ஆரோக்கியத்தின் வீட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் வியர்க்கிறது, துணியால் துடைக்கிறார்கள். விரிசல் வளரவில்லை. வருஷப் பூசைக்குச் சவரி வந்து பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிறு கட்டுகிறார். கட்டுமரத்தில் தங்கைக்குப் பங்கு உண்டு என்று அவர் இதுவரை வாயால் சொல்லவில்லை.